பிராசோஸ் வளைவில் நான்கு மக்கள்

குடியேறிகளின் அமெரிக்கா – 9

சென்ற பகுதியில் ஹூஸ்டன் கப்பல் கால்வாயின் கதையைப் பார்த்தோம். 1914-இல் அந்தக் கால்வாய் திறக்கப்பட்டது. பருத்தி வியாபாரத்தை நம்பியிருந்த ஊர் சில பத்தாண்டுகளில் எண்ணெய் நகரமாக உருவெடுத்தது. அந்த நகரத்திலிருந்து தென்மேற்கே அரை மணி நேரம் காரில் போனால் ஃபோர்ட் பெண்ட் கவுண்டி வந்துவிடும். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு. ஃபோர்ட் பெண்ட் என்ற பெயரைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பங்களும் அதிலுள்ள சுகர் லேண்ட் என்ற ஊரை அறிந்திருக்கும். பிள்ளைகளோ சொந்தக்காரர்களோ அங்கே குடியிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தக் கவுண்டியில் 52,314 பேர் இருந்தார்கள். 2020-இல் 8,22,779 பேர். ஐம்பதே ஆண்டுகளில் பதினைந்து மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. யார் யார் என்று பார்த்தால் இன்னும் வியப்பு. 2020 கணக்குப்படி வெள்ளையர் முப்பது விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. லத்தீன் அமெரிக்க வழியினர் ஏறத்தாழக் கால் பங்கு. ஆசியரும் கறுப்பினத்தவரும் தனித்தனியே ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி. இந்த நான்கு பிரிவினரும் இவ்வளவு சமமாக வாழும் இடம் அமெரிக்காவில் மிக அரிது. 1982 முதல் ஹூஸ்டன் வட்டார மக்களை ஆண்டுதோறும் ஆய்வு செய்துவந்த ரைஸ் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஸ்டீபன் கிளைன்பெர்க், நாளைய அமெரிக்காவின் முகத்தை இன்றே காட்டும் இடமாக ஃபோர்ட் பெண்டைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார்.

இந்த மாற்றத்தை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். வெள்ளைக்கார விவசாயிகளின் அமைதியான கிராமப்புறம் இருந்தது, பிறகு உலகமெங்குமிருந்து மக்கள் வந்து சேர்ந்தார்கள் என்று. இதில் பின்பாதி உண்மை. முன்பாதி, ஒரு பெரிய வரலாற்றை மூடி மறைக்கிறது. இந்தக் கவுண்டியில் வெள்ளையர் சிறுபான்மையாக இருப்பது இது முதல் முறையில்லை. அதன் முதல் அறுபது ஆண்டுகளில் பெரும்பகுதிக் காலம் இங்கே பெரும்பான்மை மக்கள் கறுப்பினத்தவர். அந்தப் பெரும்பான்மையிடமிருந்து நிலமும் வாக்கும் எப்படிப் பறிக்கப்பட்டன என்பதைத் தெரிந்துகொள்ளாமல், இன்றைய நான்கு சம பங்குகளின் அருமையை நம்மால் உணர முடியாது.

கரும்பு விளைந்த அடிமை நிலம்

கராங்கவா முதலிய தொல்குடிகள் நடமாடிய நிலம் இது. டெக்சாஸ் மெக்சிகோவின் பகுதியாக இருந்த காலத்தில், 1822-இல், ஸ்டீபன் ஆஸ்டினின் குடியேற்றக் கூட்டத்தைச் சேர்ந்த சிலர் பிராசோஸ் ஆறு பெரிதாக வளையும் இடத்தில் மரக்கட்டைகளால் ஒரு சிறு கோட்டை கட்டினார்கள். வளைவில் நின்ற அந்தக் கோட்டைதான் கவுண்டிக்குப் பெயர் தந்தது. ஆஸ்டினிடம் முதலில் நிலப் பட்டா பெற்ற குடும்பங்களை 'பழைய முந்நூறு' என்று டெக்சாஸ் வரலாறு பெருமையோடு அழைக்கிறது. அவர்களில் பலருக்கு இங்கேதான் நிலம் கிடைத்தது.

பிராசோஸ் ஆற்றின் வண்டல் கரும்புக்கும் பருத்திக்கும் ஏற்ற மண். அந்த மண்ணில் உழைக்க அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். மெக்சிகோ 1829-இல் அடிமைமுறையைத் தடை செய்தபோது, ஆயுட்கால ஒப்பந்தக் கூலிகள் என்று எழுதிவைத்துக் குடியேறிகள் அந்தச் சட்டத்தைத் தாண்டினார்கள். 1836-இல் பிரிந்து தனிக் குடியரசான டெக்சாஸ் தன் அரசமைப்பிலேயே அடிமைமுறைக்கு இடம் தந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஃபோர்ட் பெண்ட் கவுண்டி உருவானது. டெக்சாஸின் முதல் ரயிலும் 1853-இல் இங்குள்ள ஸ்டாஃபோர்ட் வரைதான் ஓடியது. தோட்டங்களின் பருத்தியையும் சர்க்கரையையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப் போடப்பட்ட பாதை அது.

1860 கணக்கெடுப்பில் கவுண்டியில் 6,143 பேர். அவர்களில் 4,100-க்கு மேற்பட்டோர் அடிமைகள். மூன்றில் இரண்டு பங்கு மக்கள் இன்னொருவரின் உடைமையாகப் பதிவேட்டில் ஏறியிருந்தார்கள்.

ஒரு ஷெரிப், ஒரு பெரும்பான்மை

1865 ஜூன் 19 அன்று கால்வெஸ்டனில் விடுதலை ஆணை அறிவிக்கப்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பின் வந்த மறுசீரமைப்புக் காலத்தில், கறுப்பினத்தவரின் அந்தப் பெரும்பான்மை எண்ணிக்கை முதன்முறையாக வாக்காக மாறியது. வால்டர் மோசஸ் பர்ட்டன் என்பவர் வட கரோலினாவிலிருந்து அடிமையாக இங்கே கொண்டுவரப்பட்டவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர். விடுதலைக்குப் பின் நிலம் வாங்கி விவசாயம் செய்தார். 1869-இல் ஃபோர்ட் பெண்ட் மக்கள் அவரை ஷெரிப்பாக, அதாவது கவுண்டியின் காவல் தலைவராக, தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவில் தேர்தல் மூலம் ஷெரிப்பான முதல் கறுப்பினத்தவர் என்று அறியப்படுபவர் அவரே. பின்னர் டெக்சாஸ் மாநில செனட்டிலும் அமர்ந்தார். கறுப்பின மாணவர்களுக்கான பிரெய்ரி வியூ கல்லூரி தோன்றியதில் அவருக்கும் பங்குண்டு.

சுமார் இருபது ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது. கறுப்பின வாக்காளர்களின் ஆதரவோடு கவுண்டிப் பதவிகளில் கறுப்பினத்தவரும், அவர்களோடு இணங்கிப்போன வெள்ளையரும் இருந்தார்கள். செல்வமும் நிலமும் படைத்த பெரும்பாலான வெள்ளைக் குடும்பங்களுக்கு இது பொறுக்கவில்லை. 1888-இல் இரு கட்சிகளாக மோதல் மூண்டது. பதவியில் இருந்தவர்களின் தரப்புக்கு 'மரங்கொத்திகள்' என்று பெயர். எதிர்த்தரப்புக்கு 'ஜேபேர்டுகள்'. ஜேபேர்டுகள் கூட்டம் போட்டு, குறிப்பிட்ட கறுப்பினத் தலைவர்கள் கவுண்டியை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்று கெடு விதித்தார்கள். உயிருக்கு அஞ்சி அவர்கள் வெளியேறினார்கள்.

1889 ஆகஸ்ட் 16 அன்று தலைமை ஊரான ரிச்மண்டின் நீதிமன்றத்தைச் சுற்றித் துப்பாக்கிச் சண்டை நடந்தது. ஷெரிப் கார்வி உட்படச் சிலர் செத்தார்கள். ஆளுநர் சல் ராஸ் படையோடு வந்து இராணுவச் சட்டத்தை அறிவித்தார். அமைதி திரும்பியபோது ஆட்சி ஜேபேர்டுகளின் கையில் இருந்தது. அக்டோபரில் 'ஜேபேர்டு ஜனநாயகச் சங்கம்' தொடங்கப்பட்டது. வெள்ளையர் மட்டுமே உறுப்பினர். சங்கம் தனக்குள் ஒரு தேர்தல் நடத்தும். அதில் வென்றவர் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்தலில் நிற்பார். அங்கே வென்று பொதுத்தேர்தலிலும் வெல்வார், பெரும்பாலும் போட்டியே இல்லாமல். கறுப்பினத்தவர் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். ஆனால் அதற்குள் எல்லாமே முடிந்திருக்கும்.

மக்கள்தொகைப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இந்த மாற்றம் படாது. 1888-இலும் கறுப்பினத்தவர் பெரும்பான்மை, 1890-இலும் அவர்களே பெரும்பான்மை. பட்டியல் மாறவில்லை. ஒரே ஆண்டில் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த வலிமை உருவி எடுக்கப்பட்டது.

95 பேர்

வாக்கு போவதற்கு முன்பே உழைப்பாளிகளின் உடல் மீண்டும் ஏலத்துக்கு வந்துவிட்டது. அடிமைமுறையை ஒழித்த 13-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஒரு விலக்கை விட்டுவைத்திருந்தது: குற்றத்துக்கான தண்டனையாகக் கட்டாய உழைப்பு வாங்கலாம். தென்மாநிலங்கள் இந்த விலக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. வேலையின்றித் திரிந்தார், சிறு பொருளைத் திருடினார் என்று கைது செய்து, கைதிகளைத் தோட்ட முதலாளிகளுக்குக் குத்தகைக்கு விட்டன. 1878-இல் டெக்சாஸின் சிறைத்துறை முழுவதையும் குத்தகைக்கு எடுத்தவர்கள் எட்வர்ட் கன்னிங்ஹாம், எல்.ஏ. எல்லிஸ் என்ற இருவர். இருவரும் சுகர் லேண்ட் பகுதியின் கரும்புத் தோட்ட உரிமையாளர்கள். சேற்றிலும் மலேரியாவிலும் கைதிகள் மடிந்தார்கள். 'பிராசோஸ் நரகம்' என்ற பொருள்படும் பெயர் இந்த ஊருக்கு ஒட்டிக்கொண்டது அப்போதுதான். கைதிக் குத்தகை 1910-களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. அதற்குள் மாநில அரசே இங்கே சிறைப் பண்ணை நடத்தத் தொடங்கிவிட்டது.

ரெஜினால்ட் மூர் என்ற முன்னாள் சிறைக் காவலர், கைதிகளின் கல்லறைகள் இந்த மண்ணுக்கடியில் எங்கோ கிடக்கின்றன என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தார். காதில் வாங்கியவர்கள் குறைவு. 2018 பிப்ரவரியில், பள்ளி நிர்வாகத்தின் தொழிற்கல்வி மையம் கட்டுவதற்காகத் தோண்டிய இடத்தில் எலும்புகள் கிடைத்தன. தொடர்ந்து தோண்டியதில் 95 பேரின் எச்சங்கள். ஏறத்தாழ 14 வயது முதல் 70 வயது வரையிலானவர்கள். அவர்களில் ஒருவர் பெண். கைதிக் குத்தகைக் காலத்தில் புதைக்கப்பட்ட கறுப்பினத்தவர் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். எங்கே அடக்கம் செய்வது என்ற நீண்ட வழக்குக்கும் வாதத்துக்கும் பிறகு 2019-இல் கிடைத்த இடத்திலேயே மறுபடி அடக்கம் செய்தார்கள். மூர் 2020-இல் காலமானார். அவருடைய விடாப்பிடியை இந்தக் கவுண்டிக்கு வரும் ஒவ்வொரு புதுக் குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். புது வீடுகளின் அடித்தளத்துக்குக் கீழே யாருடைய உழைப்பு கிடக்கிறது என்பதை அவர் பேச வைத்தார்.

தேங்கி நின்ற காலம்

1900-க்குப் பின் கவுண்டியின் முகம் மெல்ல மாறியது. ரோசன்பெர்க், நீட்வில் பக்கம் செக், ஜெர்மன், போலந்து விவசாயிகள் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். மெக்சிகோவிலிருந்து வயல் வேலைக்கும் ரயில் பாதை வேலைக்கும் ஆட்கள் வந்தார்கள். கறுப்பினக் குடும்பங்கள் ஹூஸ்டனுக்கும், அதைத் தாண்டி வடக்கு, மேற்கு நகரங்களுக்கும் போகத் தொடங்கின. வாக்கும் பாதுகாப்பும் இல்லாத ஊரில் எத்தனை தலைமுறை காத்திருப்பது? இப்படித்தான் கறுப்பினப் பெரும்பான்மை கரைந்தது.

சுகர் லேண்ட் ஒரு கம்பெனி ஊரானது. கால்வெஸ்டனின் ஐசக் கெம்ப்னரும் டபிள்யூ.டி. எல்ட்ரிட்ஜும் தோட்டங்களை வாங்கி இம்பீரியல் சுகர் ஆலையை நடத்தினார்கள். வீடு, கடை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். 1959-இல்தான் அது முறையான நகராட்சியானது. கவுண்டியில் 1930-இல் 29,718 பேர் இருந்தார்கள், 1950-இல் 31,056. இருபது ஆண்டுகளில் வளர்ச்சி என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்தத் தேக்கத்துக்குள்ளேதான் ஒரு பெரும் போராட்டம் நடந்தது. அரிசோனா ஃபிளெமிங், வில்லி மெல்ட்டன் முதலிய கறுப்பினக் குடிமக்கள் ஜேபேர்டு சங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். கட்சிகள் வெள்ளையருக்கு மட்டும் தேர்தல் நடத்துவதை உச்ச நீதிமன்றம் 1944-இலேயே தடை செய்துவிட்டது. எங்கள் சங்கம் கட்சி இல்லை, தனியார் மன்றம் என்றது ஜேபேர்டு தரப்பு. 1953 மே மாதம், டெர்ரி எதிர் ஆடம்ஸ் வழக்கில், அந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஒன்பது நீதிபதிகளில் ஒருவர் மட்டுமே மாறுபட்டார். அமெரிக்காவில் 'வெள்ளையர் மட்டும்' தேர்தலின் கடைசிக் கதவு ஃபோர்ட் பெண்டில்தான் உடைபட்டது. அரிசோனா ஃபிளெமிங் பெயரில் இன்று இங்கே ஓர் ஆரம்பப் பள்ளி இருக்கிறது. கவுண்டியில் இப்போது வாக்களிக்கும் ஒவ்வொரு இந்தியரும் சீனரும் நைஜீரியரும் அந்தப் பெண்மணிக்குக் கடன்பட்டவர்கள்.

வெள்ளம் போல் வந்த வீடுகள்

1970-க்குப் பின் நடந்த பெருக்கத்துக்கு மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்தன: நிலம், நிதி, சட்டம்.

முதலில் நிலம். பெருந்தோட்டங்களாகவே இருந்ததால் இங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே கையில் இருந்தது. கெம்ப்னர் குடும்பத்தின் நிறுவனம் 1970-களில் விற்ற நிலத்திலிருந்து எழுந்ததுதான் ஃபர்ஸ்ட் காலனி. ஏறத்தாழ 10,000 ஏக்கரில் திட்டமிட்ட குடியிருப்பு. தென்மேற்கு விரைவுச் சாலை ஹூஸ்டன் அலுவலகங்களை இந்த வயல்களோடு இணைத்தது.

அடுத்தது நிதி. டெக்சாஸில் நகராட்சிப் பயன்பாட்டு மாவட்டம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. மட் என்று சுருக்கிச் சொல்வார்கள். வெறும் வயலில் வீடு கட்ட நினைக்கும் நிறுவனம், மாநில அனுமதியோடு அந்த வயலையே ஒரு சிறு அரசு அமைப்பாக்கிவிடலாம். அந்த அமைப்பு கடன் பத்திரம் வெளியிடும். தண்ணீர்க் குழாய், சாக்கடை, வடிகால் எல்லாம் அந்தப் பணத்தில் அமையும். பின்னால் வீடு வாங்குபவர்கள் சொத்து வரியாக அந்தக் கடனை அடைப்பார்கள். நகராட்சி வந்து வசதி செய்து தரட்டும் என்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஃபோர்ட் பெண்டின் அசுர வேகத்தின் சூட்சுமம் இதுதான். வீட்டின் விலை ஓரளவு குறைவாகத் தெரியும். வரி ரசீது வந்தபிறகுதான் பலருக்கு முழுக் கணக்கும் புரியும்.

மூன்றாவது சட்டம். டெக்சாஸ்காரரான ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1965 அக்டோபர் 3 அன்று புதிய குடிவரவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1924 முதல் ஆசியரை ஏறக்குறைய முற்றாகத் தடுத்துவைத்த நாட்டுவாரி ஒதுக்கீடு ஒழிந்தது. கல்வித் தகுதிக்கும் குடும்ப உறவுக்கும் முன்னுரிமை வந்தது. 1968-இல் வந்த வீட்டுவசதிச் சமத்துவச் சட்டம், நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடை செய்தது. முதல் சட்டம் அமெரிக்காவின் கதவைத் திறந்தது, இரண்டாவது தெருவின் கதவைத் திறந்தது. இரண்டும் சேராமல் இன்றைய சுகர் லேண்ட் இல்லை.

முதலில் வந்தவர்கள் வெள்ளை நடுத்தர வர்க்கத்தினர். ஹூஸ்டன் பள்ளிகளில் இனப் பிரிவினை உடைந்தபோது நகரை விட்டு விலகியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து கறுப்பின நடுத்தர வர்க்கத்தினரும் இங்குள்ள மிசூரி சிட்டி என்ற ஊரில் வீடு வாங்கினார்கள். ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள். ஒரு காலத்தில் விரட்டப்பட்ட சமூகம், பத்திரப் பதிவு செய்து திரும்பி வந்தது.

1982-இல் எண்ணெய் விலைச் சரிவு தொடங்கியதும் ஹூஸ்டன் வட்டாரத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல் வேலைகள் போயின. வெள்ளையர் வரவு நின்றது. கட்டி முடித்த வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. அந்தச் சமயத்தில் வீடு வாங்கும் நிலைக்கு வந்திருந்தவர்கள் புதிதாய் வந்தவர்கள்: 1975-க்குப் பின் வந்த வியட்நாமியர், தைவானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்கள், டெக்சாஸ் மருத்துவ மையத்தில் பணியாற்றிய கேரளச் செவிலியர், பிலிப்பினோ செவிலியர், இந்திய, பாகிஸ்தானிய மருத்துவர்கள், எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள், நைஜீரியர்கள். நல்ல பள்ளி என்ற ஒரே எண்ணம் அவர்களை இங்கே கொண்டுவந்தது. 1990-களில் கணினித் துறையினரும் சேர்ந்துகொண்டார்கள். தெலுங்கர், குஜராத்தியர், தமிழர் என்று அடுத்தடுத்து. 2000 கணக்கெடுப்பில் 3,54,452 பேர். வெள்ளையர் பங்கு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

கோயிலும் வரியும் வாக்கும்

ஸ்டாஃபோர்டில் 2004-இல் சுவாமிநாராயண் கோயில் திறக்கப்பட்டது. இத்தாலியச் சலவைக்கல்லும் துருக்கிச் சுண்ணாம்புக்கல்லும் இந்தியாவில் செதுக்கப்பட்டு, 33,000-க்கு மேற்பட்ட துண்டுகளாக வந்து இங்கே பொருத்தப்பட்டன. நம்மவர் நாடிப்போகும் மீனாட்சி அம்மன் கோயில் பக்கத்துக் கவுண்டியில், பியர்லேண்டில் இருக்கிறது. ஸ்டாஃபோர்டில் இன்னொரு சுவையான சிக்கலும் உண்டு. அந்த நகரம் 1995-இல் சொத்து வரியையே ஒழித்துவிட்டது. அதன்பின் விற்பனை வரியில்தான் காலம் தள்ளியது. சில சதுர மைல் பரப்புள்ள ஊரில் ஐம்பதையொட்டி வழிபாட்டு இடங்கள் வந்தபோது, கடைகளுக்கான நிலம் குறைகிறதே என்று நகராட்சி கவலைப்பட்டது. பன்மைத்தன்மை வரவு செலவுக் கணக்கையும் தொடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

வாக்குப் பெட்டியில் மாற்றம் தாமதமாகவே வந்தது. குடியுரிமை பெறப் பல ஆண்டுகள் ஆகும். பெற்றவரும் உடனே வாக்குச்சாவடிக்குப் போய்விடுவதில்லை. குடியரசுக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான டாம் டிலே சுகர் லேண்டிலிருந்துதான் இருபது ஆண்டுகளுக்கு மேல் நாடாளுமன்றம் போனார். 2016-இல் முதல் அசைவு தெரிந்தது: 1964-க்குப் பின் முதன்முறையாக இந்தக் கவுண்டி ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளருக்கு வாக்களித்தது. 2018-இல் கேரளத்தில் பிறந்த கே.பி. ஜார்ஜ் கவுண்டியின் தலைமை நிர்வாகியாகவும், பிரையன் மிடில்டன் என்ற கறுப்பினத்தவர் அரசுத் தரப்பு வழக்குரைஞராகவும் தேர்வானார்கள். எந்தக் கட்சி வென்றது என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வால்டர் பர்ட்டனின் ஊரில் எண்ணிக்கை மறுபடியும் வாக்காகியிருக்கிறது. இம்முறை அதற்குச் சட்டத்தின் காவலும் இருக்கிறது.

இந்த வளர்ச்சிக்குச் செலவும் உண்டு. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது பிராசோஸ் ஆறு ரிச்மண்டில் 55 அடி வரை உயர்ந்து முந்தைய பதிவுகளையெல்லாம் தாண்டியது. பார்க்கர் வெள்ளத் தடுப்புத் தேக்கத்தின் விளிம்பில் கட்டப்பட்ட வீடுகளில் தண்ணீர் புகுந்தது. வயல் குடித்த நீர் இப்போது வீட்டுக்குள் நிற்கிறது. பழைய அடையாளங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. இம்பீரியல் ஆலை 2003-இல் மூடப்பட்டது. மாநிலச் சிறைப் பண்ணையாகத் தொடங்கிய மத்தியச் சிறை 2011-இல் மூடப்பட்டது. அதன் பழைய கட்டடம் ஒன்றில் இன்று அறிவியல் அருங்காட்சியகக் கிளை இயங்குகிறது, சிறையின் நிலத்தில் டெல்ஃபேர் என்ற குடியிருப்பு எழுந்திருக்கிறது.

அங்கே வீடு வாங்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு பாரமாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். 1888-இல் இந்தக் கவுண்டியில் பெரும்பான்மையாக இருந்தவர்களால்கூடத் தங்கள் உரிமையைக் காத்துக்கொள்ள முடியவில்லை. இன்று அங்கே எவருமே பெரும்பான்மை இல்லை. அதனால் எந்தப் பிரிவினரும் மற்றவரின் துணையில்லாமல் பாதுகாப்பாக இருக்க முடியாது. பள்ளி வாரியத் தேர்தலில், வெள்ள வடிகால் கூட்டத்தில், 95 பேரின் கல்லறைக்கு என்ன நினைவுச் சின்னம் என்ற விவாதத்தில் போய் உட்காருவதும் பேசுவதும் புதிதாக வந்தவர்களின் கடமை. அரிசோனா ஃபிளெமிங் வாங்கித் தந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விடுவது, அதை இழப்பதற்கு முதல் படி.

அடுத்த பகுதியில்: வியட்நாமிலிருந்து வந்து கால்வெஸ்டன் வளைகுடாவில் இறால் பிடித்த மீனவர்களை 1981-இல் கு கிளக்ஸ் கிளான் மிரட்டியபோது, அவர்கள் நீதிமன்றத்தில் அதை எப்படி எதிர்கொண்டார்கள்?